செத்த தகவல் திரும்பி வருமா? பட்டா முதல் சர்வர் வரை... ‘ரிப்பேர்’ எத்தனை நாளுக்கு ஒருமுறை?

எங்கள் ஆச்சிக்குத் தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஏழு சென்ட் மனை இருக்கிறது. 1978-ல் தாத்தா வாங்கி, ஆச்சி பெயருக்குக் கிரையம் முடித்தது. பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டாலும் ஆச்சி பெயர்தான் வருகிறது. ஆனால் போன வருஷம் ஒரு வேலையாக ஆன்லைனில் பட்டாவை எடுத்துப் பார்த்தபோது, அதில் இருந்தது மனையை விற்றவருடைய அப்பாவின் பெயர். அவர் இறந்தே நாற்பது வருஷம் இருக்கும்.

வீட்டில் ஒரே களேபரம். ஆச்சி மட்டும் அசரவில்லை. “பத்திரம் நம்ம பெட்டியிலதானல கெடக்கு, பொறவு என்ன?” என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பட்டா மட்டுமே உரிமை ஆவணம் ஆகிவிடாது. கிரையப் பத்திரத்துக்கு அதற்குரிய பலம் உண்டு. ஆனாலும் ஒரே மனைக்கு ஒரே அரசாங்கத்தின் இரண்டு துறைகள் இரண்டு உரிமையாளர்களைச் சொல்கின்றன. பதிவுத் துறையின் கணக்கில் 1978-லேயே ‘விற்றாச்சு’. வருவாய்த் துறையின் கணக்குக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது ரொம்பப் பழகிய பிரச்சினை. ஒரே தகவலின் பல நகல்கள் பல இடத்தில் இருக்கும்; ஒன்று மாறும், இன்னொன்று மாறாமல் நிற்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய, நாம் பயன்படுத்தும் பல ஆப்களுக்குப் பின்னால் ஒரு வேலை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயரே ‘ரிப்பேர்’. அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டுவது என்பதுதான் தலைவலி. அடிக்கடி ஓட்டினால் சர்வர் திணறும். விட்டுவிட்டு ஓட்டினால், அழித்த தகவல் உயிரோடு எழுந்து வரும். ஆமா, நிஜமாகவே எழுந்து வரும். எப்படி என்று பார்ப்பதற்கு முன், இந்த ரிப்பேரை நம் ஊரில் பல தலைமுறையாகச் செய்துவருவதைப் பார்த்துவிடலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி

மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் பந்தல் போட்டு, கூட்டம் கூடி, கலெக்டரோ ஆர்.டி.ஓ.வோ மனு வாங்கிக்கொண்டிருந்தால் அது ஜமாபந்தி. அரசாங்கத் தமிழில் ‘வருவாய் தீர்வாயம்’. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை என்று நெல்லை மாவட்டத்தின் எட்டு தாலுகாக்களிலும் நடக்கும். பேப்பரில் நாம் பார்ப்பது மனு கொடுக்கும் போட்டோவைத்தான். உண்மையில் ஜமாபந்தியின் அசல் வேலை மனு வாங்குவது அல்ல, கணக்குத் தணிக்கை. குறுவட்டம் வாரியாக, கிராமம் கிராமமாக, வி.ஏ.ஓ. தன் கிராமக் கணக்குகளைக் கொண்டுவந்து வைக்க, தாலுகா கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நிலம் அளக்கும் சங்கிலியைக்கூட எடுத்து வைத்துச் சரிபார்ப்பார்கள். அளக்கிற கருவியே தவறாக இருந்தால் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்?

இந்தத் தணிக்கை ஏன் வருஷத்துக்கு ஒன்று? வருவாய்த் துறைக்கு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும் பசலி ஆண்டுதான் கணக்கு. 2025 ஜூனில் முடிந்தது பசலி 1434. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு போகமும் இந்தச் சுற்றுக்குள் அடங்கிவிடும். எந்த வயலில் என்ன விளைந்தது, யார் எவ்வளவு தீர்வை கட்ட வேண்டும் என்பதெல்லாம் போகத்துக்குப் போகம் மாறும் தகவல். தகவல் பயிரின் வேகத்தில் மாறியது, அதனால் ரிப்பேரும் பயிரின் வேகத்தில் நடந்தால் போதும். யோசித்துப் பார்த்தால் ரொம்பப் பொருத்தமான இடைவெளிதான். இதுபோக, ரயத்துவாரி முறையில் 30 வருஷத்துக்கு ஒருமுறை மறு செட்டில்மெண்ட் என்று ஒரு பெரிய ரிப்பேரும் வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் சின்னது, தலைமுறைக்கு ஒருமுறை பெரியது.

இந்த இரட்டை ஏற்பாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் அறையிலும் இதுவே வரும்.

ஸ்ரீவைகுண்டம் துண்டிக்கப்பட்டபோது...

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. வெளியூரில் இருந்தவர்களுக்கு அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை; ஊருக்குள் இருந்தவர்களுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

இப்போது ஒரு கற்பனை. ஒரு ஆப் தன் தகவல்களை மூன்று சர்வரில் வைத்திருக்கிறது: ஒன்று நெல்லையில், ஒன்று தூத்துக்குடியில், ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில். (ஸ்ரீவைகுண்டத்தில் யாரும் டேட்டா சென்டர் கட்டப்போவதில்லை, ஓர் உதாரணத்துக்குத்தான்.) மூன்றிலும் ஒரே நகல். ஒன்று போனாலும் மற்ற இரண்டு வேலை செய்யும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அந்த வெள்ள நாளில் ஒரு வாடிக்கையாளர் தன் பழைய முகவரியை ஆப்பிலிருந்து அழிக்கிறார். நெல்லையும் தூத்துக்குடியும் அழித்துவிட்டன. ஸ்ரீவைகுண்டத்துக்குச் சேதி போகவில்லை.

இப்படிப்பட்ட நகல் முறைக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படுவது, அமேசான் நிறுவனத்தினர் 2007-ல் வெளியிட்ட ‘டைனமோ’ ஆய்வுக் கட்டுரை. அதை எழுதியவர்கள் பட்டியலில் அவினாஷ் லக்ஷ்மன், சுவாமிநாதன் சிவசுப்பிரமணியன் என்று நம்மூர்ப் பெயர்கள் உண்டு. அதே அவினாஷ் லக்ஷ்மன் பிறகு ஃபேஸ்புக்குக்குப் போய், பிரசாந்த் மாலிக்குடன் சேர்ந்து உருவாக்கியதுதான் ‘கசாண்ட்ரா’ என்ற டேட்டாபேஸ். ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸைத் தேடுவதற்காக எழுதப்பட்டு, 2008-ல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டது. ரிப்பேர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்வியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

துண்டிக்கப்பட்ட சர்வருக்காகக் கசாண்ட்ராவில் முதலில் செய்யப்படுவது, பக்கத்து வீட்டுக்காரர் நமக்கு வந்த தபாலை வாங்கி வைப்பது மாதிரியான வேலை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் போக வேண்டிய சேதிகளை நெல்லை சர்வர் குறித்து வைத்துக்கொள்ளும். லைன் வந்ததும் கொடுத்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் எத்தனை நாளைக்குத்தான் வாங்கி வைப்பார்? யாரும் மாற்றி அமைக்காவிட்டால் 3 மணி நேரம். அதற்கு மேல் புதிதாக வரும் சேதிகளைக் குறித்து வைக்காது. சின்ன கரண்ட் கட்டுக்கு இது போதும். தாமிரபரணி வெள்ளத்துக்குப் போதாது.

அங்கேதான் ரிப்பேர் வருகிறது. மூன்று சர்வரும் உட்கார்ந்து தங்கள் நகல்களை ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சரிசெய்யும். கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் விடிந்துவிடும். அதனால் ரால்ஃப் மெர்க்கல் 1979-ல் கண்டுபிடித்த ஒரு மர முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஜமாபந்தியில் முதலில் கிராமத்தின் மொத்தக் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் மட்டும் உள்ளே இறங்கிப் பார்ப்பதுபோல, முதலில் மொத்தத்தின் சுருக்கம், பிறகு பாதியின் சுருக்கம், பிறகு கால்வாசியின் சுருக்கம் என்று இறங்குவார்கள். எங்கே சுருக்கம் ஒத்துப்போகிறதோ, அந்தக் கிளையைத் தொடவே வேண்டாம்.

பத்து நாள் கணக்கு

சரி, ஒரு தகவலை அழித்தால் அப்படியே துடைத்துப் போட்டுவிடலாமே, இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

இங்கேதான் சூட்சுமம். நெல்லையும் தூத்துக்குடியும் சத்தமில்லாமல் அழித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நாலு நாள் கழித்து ஸ்ரீவைகுண்டம் லைனுக்கு வருகிறது. அதனிடம் அந்தப் பழைய முகவரி இருக்கிறது. மற்ற இருவரிடமும் இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது? ‘அவர்கள் அழித்துவிட்டார்கள்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம், ‘அவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். வெறும் இல்லாமையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அதனால், கசாண்ட்ரா ஒரு தகவலை அழிக்கும்போது அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவைக்கும். ‘இங்கே ஒன்று இருந்தது, இன்ன நேரத்தில் அழிக்கப்பட்டது’ என்று சொல்லும் கல். இங்கிலீஷிலும் அதற்குப் பெயர் கல்லறைக் கல்தான், டூம்ஸ்டோன். ஸ்ரீவைகுண்டம் திரும்பி வந்து ரிப்பேர் ஓடும்போது, மற்ற இருவரும் கல்லைக் காட்டுவார்கள். பழைய முகவரி அங்கேயும் அழியும். சுபம்.

ஆனால், கல்லையும் எத்தனை நாள் வைத்திருப்பது? அதுவும் இடத்தை அடைக்கிறது. எனவே அதற்கும் ஒரு ஆயுள்: யாரும் மாற்றாவிட்டால் 8,64,000 விநாடி, அதாவது 10 நாள். அதற்குப் பிறகு, தகவலும் போகும், அது அழிக்கப்பட்டது என்ற ஞாபகமும் போகும்.

இப்போது ஸ்ரீவைகுண்டம் பன்னிரண்டாம் நாள் வருகிறது என்று வையுங்கள். நெல்லையிடமும் தூத்துக்குடியிடமும் தகவலும் இல்லை, கல்லும் இல்லை. ஸ்ரீவைகுண்டத்திடம் பழைய முகவரி பத்திரமாக இருக்கிறது. ரிப்பேர் ஓடுகிறது. ‘அடடா, உங்கள் இருவரிடமும் இந்த வரி விட்டுப்போச்சே’ என்று, செத்த முகவரியை மூன்று இடத்திலும் எழுதிவைத்துவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று சொல்லும். சரிசெய்ய வந்த ரிப்பேரே பேயை எழுப்பிவிட்டுப் போய்விடும். டேட்டாபேஸ்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஜோம்பி’. இதனால்தான் பத்து நாளுக்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்த சர்வரை அப்படியே திரும்பச் சேர்க்கக் கூடாது, துடைத்துவிட்டு முதலிலிருந்து நகலெடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம்.

ஆக, ரிப்பேர் இடைவெளிக்கு ஒரு கறாரான எல்லை கிடைத்துவிட்டது. எவ்வளவு பிழை வருகிறது என்பதை வைத்து அதை முடிவு செய்வதில்லை. அழித்ததை எவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்கிறோம் என்பதை வைத்து முடிவு செய்கிறோம். ஞாபகம் 10 நாள் என்றால், ஒவ்வொரு சர்வரிலும் ரிப்பேர் அதற்குள் ஒருமுறையாவது ஓடி முடிந்திருக்க வேண்டும். ஓடத் தொடங்கியிருந்தால் போதாது, முடிந்திருக்க வேண்டும். கசாண்ட்ராவின் கையேடு 5 நாளுக்கு ஒருமுறை என்று சொல்கிறது. மிச்சமுள்ள 5 நாள், ஏதாவது தடங்கல் வந்தால் திரும்ப ஓட்டுவதற்கு.

ஆச்சி மனைக்கு வருவோம். விற்றவரின் குடும்பத்திடமிருந்து அந்த மனையை ‘அழித்த’ கல், 1978-ம் வருஷக் கிரையப் பத்திரம். நல்லவேளையாக, பதிவுத் துறையில் அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவேடு நிரந்தர ஆவணம். பத்து நாளில் காலாவதி ஆகாது. ஆனால் மனுஷர்களின் ஞாபகம் காலாவதியாகும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இறந்துபோவார். பெட்டியில் கரையான் புகும். விற்றவருடைய பேரன் ஒருநாள் ஆன்லைனில் பட்டாவைப் பார்த்துவிட்டு, ‘நம்ம பூட்டன் பேர்ல ஒரு மனை இருக்கே’ என்று கிளம்புவார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு நகல்தான். பத்திரமே எழுதாமல் வாய்வார்த்தையாகப் பாகம் பிரித்த குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். அங்கே கல்லே நடப்படவில்லை.

அப்படியானால் தினமும் ஓட்டிவிட வேண்டியதுதானே?

கண்ணடியன் கால்வாயையோ மருதூர் அணைக்கட்டின் வாய்க்கால்களையோ எப்போது தூர்வாருவார்கள் என்று விவசாயிகளிடம் கேட்டால், கேள்வியே விநோதமாக இருக்கிறதே என்று பார்ப்பார்கள். கோடையில்தான். கார் சாகுபடிக்கு ஜூன் வாக்கில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். தண்ணீர் ஓடும்போது தூர்வாரினால் வேலையும் நடக்காது, பாசனமும் நடக்காது.

சர்வருக்குக் கோடை கிடையாது. ரயில் டிக்கெட் முன்பதிவுத் தளம் தினமும் ராத்திரி 11.45-க்குக் கடையைச் சாத்திவிட்டு, நள்ளிரவு தாண்டி 12.20-க்குத் திறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் தேடியவர்களுக்கு அந்த 35 நிமிஷக் கடுப்பு பழக்கம். பெரும்பாலான ஆப்களுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் தூர்வார வேண்டும்.

ரிப்பேர் ஓடும்போது டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் படிக்க வேண்டும், சுருக்கம் கணக்கிட வேண்டும், வித்தியாசத்தை நெட்வொர்க்கில் அனுப்ப வேண்டும். ஒரு கிளையில் ஒரே ஒரு வரி தவறியிருந்தாலும் அந்தக் கிளை மொத்தத்தையும் அனுப்புவதுதான் வழக்கம். இவ்வளவும் நடக்கும்போது, பணம் அனுப்பக் காத்திருக்கும் வாடிக்கையாளருக்குத் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். ராத்திரி 2 மணிக்கு ஓட்டலாம் என்றால், பெரிய கணக்காக இருந்தால் அது காலை 10 மணிக்கும் முடியாது. இதைவிடக் கேவலமான நிலை ஒன்று உண்டு: 7 நாளுக்கு ஒருமுறை என்று அட்டவணை போட்டு, ஒரு சுற்று முடிய 8 நாள் ஆவது. முந்தையது முடியும் முன்பே அடுத்தது தொடங்கி, இரண்டும் ஒன்றோடொன்று மோதி, ரெண்டுமே முடியாது.

சரி, ஞாபகத்தை நீட்டிவிட்டால்? 10 நாளை 30 நாளாக்கினால் ரிப்பேரை நிதானமாக ஓட்டலாமே? ஓட்டலாம். ஆனால், அதற்குள் கற்கள் குவியும். ஒரு தகவலைத் தேடிப் போகும்போது வழியில் உள்ள ஒவ்வொரு கல்லையும் படித்துத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரே தேடலில் 1,000 கல் தட்டுப்பட்டால் கசாண்ட்ரா எச்சரிக்கும். 1,00,000 தாண்டினால், ‘என்னால் முடியாது’ என்று தேடலையே நிறுத்திவிடும். இரண்டும் அதன் வழக்கமான வரம்புகள்.

இதற்கு ஸ்பாட்டிஃபை நிறுவனத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘ரீப்பர்’ என்று ஒரு கருவி. மொத்த ரிப்பேரையும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு துண்டு முடித்ததும் கொஞ்சம் ஓய்வு, பிறகு அடுத்த துண்டு. எவ்வளவு ஓய்வு என்பதற்கு 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு எண். 0.5 என்று வைத்தால், வேலை செய்த நேரம் அளவுக்கே ஓய்வெடுக்கும். சர்வர் திணறினால் காத்திருக்கும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. ‘எப்போது ஓட்டுவது’ என்ற கேள்வியையே அது மாற்றிவிடுகிறது. ரிப்பேர் எப்போதுமே ஓடுகிறது, யாருக்கும் வலிக்காத வேகத்தில். ஒரு முழுச் சுற்று பத்து நாளுக்குள் முடிகிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும். கையேடு பரிந்துரைக்கும் இன்னொரு அட்டவணை, ஜமாபந்தி-செட்டில்மெண்ட் ஜோடியேதான்: புதிதாக வந்த தகவலை மட்டும் பார்க்கும் சின்ன ரிப்பேர் 1 முதல் 3 நாளுக்கு ஒருமுறை, எல்லாவற்றையும் பார்க்கும் பெரிய ரிப்பேர் 1 முதல் 3 வாரத்துக்கு ஒருமுறை.

யாரும் பார்க்காத வரிகள்

கசாண்ட்ராவில் ஒரு தகவலைப் படிக்கும்போது, இரண்டு நகல்கள் வேறுவேறு பதில் சொன்னால், அந்த இடத்திலேயே சரிசெய்துவிடும் வசதியும் உண்டு. அடிக்கடி படிக்கப்படும் தகவலுக்கு இதுவே ஓரளவு போதும். பிரச்சினை, யாரும் படிக்காத தகவலுக்குத்தான்.

ஹார்டு டிஸ்க்கில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். நெட்ஆப் நிறுவனத்தின் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்து, லக்ஷ்மி பைரவசுந்தரம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எழுதியது ஒன்று, திரும்பப் படித்தால் வேறொன்று என்ற வகையில் 4 லட்சத்துக்கும் அதிகமான பிழைகள் அதில் பதிவாகியிருந்தன. டிஸ்க் ‘நான் கெட்டுப்போய்விட்டேன்’ என்று சொல்வதில்லை. யாராவது போய்ப் படித்தால்தான் தெரியும். லினக்ஸின் டெபியன் பதிப்பில், பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டிய அமைப்பைச் சோதிக்கும் வேலை, மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டி 12.57-க்கு ஓடும்படி வெகுகாலமாக வைத்திருந்தார்கள். யாரும் கேட்காவிட்டாலும், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒருதடவை படித்துப் பார்த்துவிடுவது, அவ்வளவுதான்.

சொந்த நிலப் பதிவை நாம் எப்போது படிக்கிறோம்? விற்கும்போது, லோன் போடும்போது, பாகம் பிரிக்கும்போது. ஆச்சியின் மனையில் இது எதுவும் நடக்கவில்லை. நடுவில் ஜமாபந்தி நாற்பது தடவைக்கு மேல் வந்துபோயிருக்கும். கிராமக் கணக்கு தாலுகா கணக்கோடு ஒத்துப்போயிருக்கும், ஏனென்றால் இரண்டிலுமே அதே பழைய பெயர்தான். ரிப்பேர் தவறாமல் ஓடியது. ஆனால் ஒப்பிட வேண்டிய மூன்றாவது நகல், பதிவுத் துறையில் இருந்த நகல், அந்த மேஜைக்கு வரவே இல்லை. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தின் ஆணிவேர் இதுதான். எத்தனை முறை ஒப்பிட்டோம் என்பதைவிட, எதை எதோடு ஒப்பிட்டோம் என்பது முக்கியம்.

பெரிய ரிப்பேரும் பெரிய பிழையும்

‘மொத்தத்தையும் ஒருதடவை அடித்துத் திருத்திவிடலாம்’ என்ற யோசனையும் இங்கே நடந்து பார்த்த ஒன்று. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், எல்லோர் வாயிலும் ‘யு.டி.ஆர்.’. அனுபவத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, பட்டாவைப் புதுப்பிக்கும் வேலை. ஏக்கர்-சென்ட் கணக்கை ஹெக்டேர்-ஏர்ஸ் ஆக்கியதும் அப்போதுதான். எல்லாமே கையால். நடுவே, 1980 நவம்பரில், பரம்பரைக் கர்ணம் பதவியை அரசு ஒழித்தது. ஒழிக்க வேண்டிய முறைதான். ஒரு சில குடும்பங்களின் கையில் ஊர்க் கணக்கு முழுக்க இருந்த காலம் அது. ஆனால் எழுதப்படாத பல விவரங்கள் அவர்கள் தலைக்குள்தான் இருந்தன.

விளைவு, யு.டி.ஆர். பல லட்சம் பேருக்குச் சரியான பட்டா கொடுத்தது. கூடவே பெயர் மாறியது, பரப்பளவு குறைந்தது, சர்வே எண் தாவியது என்று புதுப் பிழைகளையும் கொண்டுவந்தது. அந்தப் பதிவேட்டிலிருந்துதான் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள்; பிழையும் பத்திரமாக ஏறியது. இன்றைக்கும் ஜமாபந்தியில் ‘யு.டி.ஆர். திருத்தம்’ கேட்டு, அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலோடு ஜனங்கள் நிற்கிறார்கள்.

சாஃப்ட்வேர் ரிப்பேரிலும் இதே ஆபத்து உண்டு. கசாண்ட்ராவுக்கு எது உண்மை என்று தெரியாது. எது கடைசியாக எழுதப்பட்டது என்று மட்டும்தான் தெரியும். கடைசியாக எழுதியதே ஜெயிக்கும். ஒரு சர்வரின் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடினால், அது எழுதிய தப்பான வரிதான் மூன்று இடத்திலும் போய் உட்காரும். ரிப்பேர் தவற்றைத் திருத்தும் என்று சொல்வதைவிட, எல்லா நகலையும் ஒரே மாதிரி ஆக்கும் என்று சொல்வதுதான் சரி.

இப்போது என்ன செய்யலாம்?

இரண்டு துறைகளின் கணக்கையும் இணைக்கும் வேலை நடந்திருக்கிறது. 2018-ல் பதிவுத் துறை ‘ஸ்டார் 2.0’ என்ற ஆன்லைன் முறைக்கு மாறியது. வருவாய்த் துறையிடம் ‘தமிழ்நிலம்’ இருக்கிறது. உட்பிரிவு தேவைப்படாத கிரையமாக இருந்தால், பத்திரம் பதிவானதும் தகவல் அங்கிருந்து இங்கே போய், தனியாக மனு கொடுக்காமலே பட்டா பெயர் மாறிவிடும். வருஷத்துக்கு ஒரு தணிக்கைக்குக் காத்திருந்த ஒரு விஷயம், பதிவு நடக்கும்போதே நடக்கிறது. நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: விற்பவர் பெயரில் பட்டா இருக்க வேண்டும். பட்டா இன்னும் விற்றவரின் அப்பா பெயரிலேயே நின்றுவிட்ட ஆச்சி மாதிரியானவர்களுக்கு இந்த வேகப் பாதை திறக்காது. கூட்டுப் பட்டாவில் பத்துப் பேர் பெயர் இருந்து, அதில் ஆறு பேர் உயிரோடு இல்லாத குடும்பங்களுக்கும் திறக்காது. புதிதாக வரும் தகவலுக்குத் தினசரி ரிப்பேர் வந்துவிட்டது; பழைய தகவலுக்கான பெரிய சுற்று இன்னும் பாக்கி.

அதுவரை நம் வீட்டு வரியை நாமே படித்துக்கொள்ளலாம். அரசின் இ-சேவை தளத்தில் பட்டா, சிட்டா பார்க்க முடியும்; பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்க முடியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பளவு நான்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏர்ஸைச் சென்ட்டாக்க 2.47-ஆல் பெருக்குங்கள். பழைய பத்திரத்தில் ஊர், மாவட்டம் பார்த்துக் குழம்ப வேண்டாம். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் நெல்லையிலிருந்து பிரிந்தவை, அதற்கு முந்தைய பத்திரங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். வித்தியாசம் இருந்தால், பத்திர நகல், வில்லங்கச் சான்று, இறப்பு மற்றும் வாரிசுச் சான்றுகளோடு மனு கொடுக்க ஜமாபந்தி வரைக்கும் காத்திருக்கக்கூட வேண்டாம். தாலுகா அலுவலகத்தில் எப்போதும் கொடுக்கலாம்.

நாங்களும் கொடுத்தோம். விற்றவரின் பேரன் இப்போது வெளியூரில் இருக்கிறார்; போனில் பேசியபோது, தன் தாத்தா விற்ற விஷயமே தெரியாது என்றார். பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். படித்துவிட்டு, கையெழுத்துப் போட எப்போது வரணும் என்று மட்டும் கேட்டார். சர்வேயர் வரும் தேதி இன்னும் சொல்லப்படவில்லை. மனு எண்ணை அப்பா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தப் பத்திரப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்.